டிராக்டருக்கு அளவெடுத்தவள்

அந்தத் தையல் கடையில் அளவெடுப்பது அவள் வேலை, துணி வெட்டுவது அவள் கணவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவள் இஞ்ச் டேப்பைத் தோளிலும் இடுப்பிலும் வைத்து எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும் அவர், காதில் செருகிய பென்சிலை எடுத்து அளவு நோட்டில் எழுதிக்கொள்வார். அவள் சொல்வது வெறும் உடம்பளவு. மார்பு முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுதான். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் எத்தனை அங்குலம் கூடுதலாக விடுவது என்பதை மாஸ்டர் துணியில் சாக்பீஸால் கோடு போடும்போது தாமாகவே பார்த்துக்கொள்வார். அதை அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சட்டை இறுக்குகிறது என்று ஒருவரும் திரும்பக் கொண்டுவந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. இந்த அருமையான பழக்கம்தான் இருவரையும் ஒருநாள் தோட்டத்து வாசலில் நிறுத்திக் கையைப் பிசைய வைத்தது.

தோட்டம் என்பது ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர். மாஸ்டருக்கு அப்பா வழியில் வந்த பங்கு. அதை ஒட்டியே அவருடைய அக்காவின் நிலம், எட்டு ஏக்கர், முழுக்க மக்காச்சோளம். அந்த அக்காவிடம் ஆளுயரச் சக்கரம் வைத்த பெரிய டிராக்டர் ஒன்று இருந்தது. அதைவிடப் பெரிய குரலும் இருந்தது. தம்பியின் ஒரு ஏக்கரையும் சேர்த்து உழுதுவிட்டால் தன் நிலம் சதுரமாகிவிடும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கெட்ட ஆசை என்று சொல்ல முடியாது. கோணல் நிலத்தைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

தையற்காரம்மாவுக்கோ அந்த ஏக்கரில் திராட்சை போட வேண்டும் என்று ஆசை. மூன்று வருஷத்துக்கு முன் ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, வரிசை வரிசையாகக் கொடி ஏற்றுவது என்று முடிவானது. அப்போதே அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இன்றைக்கு மண்வெட்டியால் களை எடுத்தாலும், என்றைக்காவது ஒரு குட்டி டிராக்டர் வாங்குவோம், அது இந்த வரிசைகளுக்குள் போய் வர வேண்டும். ஆகவே ஒரு மதியம் கழுத்தில் தொங்கிய டேப்போடு டிராக்டர் ஷோரூமுக்குள் நுழைந்து, அங்கே இருந்தவற்றில் ஆகச் சின்னதாக ஒரு சிவப்பு வண்டியைப் பிடித்து, பின்டயரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்தாள். நாற்பத்தெட்டு அங்குலம். இதற்குச் சட்டை தைக்கப் போகிறீர்களா என்று அங்கே ஒருவர் கேட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்து மாஸ்டருக்குப் போன் போட்டு, "நாற்பத்தெட்டு" என்றாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அது பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் நேரம். மாஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்கவே பொழுதில்லை. தூண் நடுபவர் கடைக்கு வந்து அளவு கேட்டபோது, அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். நிலம் அவள் விவகாரம், கூட்ட வேண்டியதைக் கூட்டித்தான் சொல்லியிருப்பாள் என்று அவர் நினைத்தார். அளவு மாஸ்டர் கையைத் தாண்டிப் போயிருக்கிறது, கூட்ட வேண்டியதைக் கூட்டித்தான் கொடுத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். தூண் நடுபவர் யோக்கியமான மனிதர். தாளில் இருந்ததை அப்படியே, ஒரு நூல் பிசகாமல், அறுநூற்றுச் சொச்சம் தூண்களை நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தெட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் தூணுக்கும் தூணுக்கும் நடுவே நாற்பத்தெட்டு அங்குலம்.

மூன்று வருஷம் அந்த வரிசைகளுக்குள் குனிந்து நிமிர்ந்தவள், ஒருதடவைகூட டேப்பை வைத்துப் பார்க்கவில்லை. ஊரையே அளந்தவளுக்குத் தன் தோட்டத்தை அளக்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் கொடிகள் நன்றாகக் காய்த்தன. கூடவே களையும் கொழுத்தது. முன்பெல்லாம் களையெடுக்க வந்த பெண்கள் நால்வரும் புதிதாக வந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள்; நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, யார்தான் போகமாட்டார்கள்? தையற்காரம்மா தனியாக மண்வெட்டி பிடித்தாள். பத்தாம் நாள் வலது தோள் பிடித்துக்கொண்டது. இஞ்ச் டேப்பை ஆளின் கழுத்துவரை தூக்க முடியாமல் வாடிக்கையாளரைக் குனியச் சொல்லும் நிலைமைக்கு வந்தாள்.

நாத்தனார் இதற்குத்தான் காத்திருந்தாள் என்று சொன்னால் பாவம். ஆனால் மறுநாளே வந்துவிட்டாள். தம்பியை உட்கார வைத்து, தோள் போய்விட்டால் கடையும் போய்விடும் என்று எடுத்துச் சொன்னாள். நிலத்தைத் தன்னிடம் குத்தகைக்குக் கொடுக்கட்டும், தூண்களைப் பிடுங்கும் செலவு தன்னுடையது. மாஸ்டர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அவர் மறுத்துப் பேசாவிட்டால் பாதி ஒத்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம். இதையெல்லாம் மனைவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டாள், டிராக்டர் வாங்கப் போகிறோம் என்று. மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டியைத் தோட்டத்துக்கு வரவழைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் திராட்சை, ஓடாவிட்டால் மக்காச்சோளம். அவள் சரி என்றாள். ஓடாமல் எங்கே போகும்?

பணம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். சீட்டும் சிக்கனமும் கலந்த கதை அது, கேட்டால் கொட்டாவிதான் வரும்.

ஷோரூமில் விற்பனையாளர் மாஸ்டரைப் பார்த்தே பேசினார். குதிரைத் திறன், கியர், ஹைட்ராலிக் என்று அவர் அடுக்க அடுக்க, மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவரின் முகத்தோடு தலையாட்டினார். கேள்வி எல்லாம் பக்கத்திலிருந்து வந்தது. எவ்வளவு இடத்தில் திரும்பும்? பின்னால் மாட்டி மண்ணைப் புரட்டும் ரோட்டவேட்டர் எத்தனை அடி? மூன்றடி என்றார் விற்பனையாளர், இன்னும் மாஸ்டரைப் பார்த்தபடியே. கொஞ்சம் கூடப் போட்டால் அடுத்த சைஸ் வண்டி கிடைக்கும், சாருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மெல்ல நூல் விட்டார்.

"சாருக்கு வண்டி இல்ல. எனக்கு" என்றாள் அவள்.

அதன் பிறகு விற்பனையாளர் திரும்பி உட்கார்ந்தார். அவள் அதே சிவப்பு வண்டியைக் கேட்டாள். டேப்பை எடுத்து இன்னொருமுறை அளந்தாள். அன்றைக்கும் நாற்பத்தெட்டு, இன்றைக்கும் நாற்பத்தெட்டு. மனசு நிறைந்துபோயிற்று. நான்கு நாள் ஷோரூமின் பின்புறத்துக் காலி இடத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தையல் மிஷின் மிதித்த கால், கிளட்ச் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பின்னால் போவதுதான் கொஞ்சம் தகராறு.

வண்டி தோட்டத்துக்கு வந்த காலை, சின்ன லாரியிலிருந்து பலகை வைத்து இறக்கினார்கள். கூட வந்த மெக்கானிக் நரைத்த மீசைக்காரர், பேச்சில் ரொம்பச் சிக்கனம். லாரி இன்னொரு இடத்துக்குப் போய்விட்டது. நாத்தனார் தன் வரப்பிலிருந்து இறங்கி வந்து, பம்புசெட் அறையின் படியில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதற்குப் பெட்ரோலா பாலா என்று கேட்டாள். மெக்கானிக்கே சிரித்துவிட்டார்.

முதல் வரிசையின் வாய்க்குள் அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். முன்சக்கரம் இரண்டும் நுழைந்தன. பின்சக்கரம் தூணுக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் நிறுத்தினார். இறங்கி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மீண்டும் ஏறி ஓர் அங்குலம் நகர்த்தினார். இரண்டு டயரும் இரண்டு தூணிலும் ஒரே நேரத்தில் உரசின.

"அம்மா, உள்ள போகாது."

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே வைத்தாள். அடுத்த வரிசையில் வைத்தாள். அதற்கடுத்த வரிசையிலும் வைத்தாள். பிறகு டேப்பைச் சுருட்டாமலே கணவரைப் பார்த்தாள்.

"நீங்க விட்டுப் போடலையா?"

"நீ விட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

"நான் என்னைக்கு விட்டுச் சொல்லியிருக்கேன்?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கடை ஒரு வாடிக்கையாளருக்கு அளவு தப்பாகத் தைத்திருக்கிறது, அதுவும் கல்லில். நாத்தனார் படியில் உட்கார்ந்தபடி விஷயத்தைப் புரிந்துகொண்டாள். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து டிராக்டருக்கு டைட்டா ஜாக்கெட் தெச்சிருக்கீங்க."

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்து, சரி விடு, மனுஷன் தப்பு செய்யாமலா இருப்பான், நாளைக்கு ஆளோடு கடப்பாரை கொண்டுவருகிறேன் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. மெக்கானிக் ஒதுங்கி நின்று, வண்டியைத் திரும்ப ஏற்ற லாரியை வரச் சொல்லிப் போன் செய்தார். மாஸ்டர் மனைவியின் பக்கத்தில் வந்து, மெதுவாக, உன் தோளும் இப்படி ஆகிவிட்டது, பேசாமல் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அவள் டேப்பைச் சுருட்டினாள். அழுகையை அடக்கிக்கொண்டாள். நாத்தனார் எதிரில் அழுவதைவிட மண்ணைத் தின்னலாம் என்று வண்டியின் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வருஷம் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய கொடிகள். எதிரே கண்ணுக்கு நேராகப் பின்சக்கரம். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அதையே பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று உறைத்தது. சக்கரத்தின் நடுவில் இருந்த இரும்புத் தட்டு தட்டையாக இல்லை. ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் புடைத்திருந்தது. குழி உள்பக்கம் இருந்திருந்தால் டயர் வண்டியை ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது குழி வெளிப்பக்கம் இருந்ததால் டயர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. காலர் நைந்துபோன சட்டையை அவள் கடையில் என்ன செய்வார்கள்? காலரைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைப்பார்கள். நைந்த பக்கம் அடியில் போய்விடும்.

"அண்ணே, இந்தச் சக்கரத்தக் கழட்டித் திருப்பி மாட்டலாமா?"

மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்தார். திருப்பலாம், அதற்காகத்தான் தட்டு அப்படி இருக்கிறது, ஆனால் கம்பெனியிலிருந்து வருகிறபடியே எல்லாரும் ஓட்டுகிறார்கள், கேட்டவர் யாரும் இல்லை என்று சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் கண் தூணுக்குப் போய்விட்டு வந்தது. அடுத்த நிமிஷம் ஜாக்கியை எடுத்தார்.

இடது சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, அதே இடத்தில் மாட்டினார்கள். டயர் மூன்று அங்குலம் உள்ளே வந்துவிட்டது. ஆனால் மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். டயரில் மண்ணைக் கவ்வும் பட்டைகளுக்கு ஒரு திசை உண்டு, பக்கவாட்டில் அதற்கு ஓர் அம்புக்குறியும் உண்டு. இப்போது அம்பு பின்னால் பார்த்தது. இப்படி ஓட்டினால் ஈரத்தில் சும்மா சுற்றுமே தவிர இழுக்காது, டயரையே ரிம்மிலிருந்து பிரித்துப் போட மிஷின் வேண்டும், ஷோரூமுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். அங்கே போன வண்டி திரும்பி வருமா என்பது அவளுக்குத் தெரியாதா? படியில் இருந்த நாத்தனார் எழுந்து கிட்டே வந்துவிட்டாள்.

தையற்காரம்மா கணவரிடம் திரும்பினாள்.

"ஏங்க, சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா."

அக்காவின் எதிரில், அந்நிய மனிதர் எதிரில், நட்டநடுப் பகலில், மாஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நின்றார். இந்த மனிதருக்கு மட்டும் எத்தனை பொறுமை என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். அவள் சட்டையின் இடது கையைப் பிடித்து உள்வெளியாகத் திருப்பி, மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இடது கையத் திருப்பினா, அது இடது பக்கம் உக்காராது. வலது பக்கம்தான் உக்காரும். நீங்க திருப்பினத அதே பக்கம் மாட்டினா எப்படி?"

மெக்கானிக் சட்டையைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். கையால் காற்றில் ஒரு சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். பிறகு இடதைக் கழற்றி வலதுக்கும், வலதைக் கழற்றி இடதுக்கும் மாற்றி மாட்டத் தொடங்கினார். மாஸ்டர் பனியனோடு குனிந்து நட்டு நட்டாக எடுத்துக் கொடுத்தார். இறுக்கி முடித்ததும் நான்கு பேரும் அம்புக்குறியைத் தேடினார்கள். இரண்டு பக்கமும் அது முன்னால் பார்த்தது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மெக்கானிக் கட்டைவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார், எங்கும் உரசவில்லை. அவள் டேப்பை வைத்தாள்.

"நாற்பத்திரெண்டு" என்று சத்தமாகச் சொன்னாள்.

மாஸ்டரின் கை பழக்கத்தில் காதுக்குப் போய்ப் பென்சிலைத் தேடியது.

பக்கத்துக்கு மூன்று அங்குலம். மெக்கானிக் ஏறப் போனார். அவள் விலகவில்லை. நான்கு நாள் பழகியவள் நேரே வரிசைக்குள் போவதா என்று அவர் தயங்கினார். ஊசியில் நூல் கோப்பவளுக்குத் தூணுக்குள் வண்டி கோக்கத் தெரியாதா என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் பயம்தான். எஞ்சின் புறப்பட்டது, ரோட்டவேட்டர் இறங்கியது, முன்சக்கரம் நுழைந்தது. பின்சக்கரம் தூணை நெருங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதல் தூண் அவள் முழங்காலைத் தாண்டிப் பின்னால் போனது. இரண்டாவது போனது. பத்தாவது தூணில்தான் தான் இன்னும் மூச்சு விடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பத்து நாளில் அவள் தோளை வாங்கிக்கொண்ட களை, பின்னால் பொடிப்பொடியாகப் புரண்டு விழுந்துகொண்டிருந்தது. மண் கறுப்பாக, மெத்தென்று, வரிசை நீளத்துக்கும் விரிந்தது. அந்தக் கோடியில் வெளியே வந்ததும் அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்து அடுத்த வரிசைக்குள் நுழைந்தாள்.

ஒரு வரிசை போதும் என்று மெக்கானிக் கையைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. நடுவில் லாரி வந்து நின்றது. ஏற்றிக்கொள்ளலாமா என்று டிரைவர் கேட்க, எதை ஏற்றுவது, முதலில் அந்த அம்மாவை இறங்கச் சொல்லிப் பார் என்றார் மெக்கானிக். இருவரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் வெளியே வரும் ஒவ்வொரு கோடிக்கும் ஓடி ஓடி நின்றார். பதினான்காவது வரிசையில் தண்ணீர் குடுவையை நீட்டினார். ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டு, நிறுத்தாமலே திருப்பிக் கொடுத்தாள். வெயில் சாய்வதற்குள் முப்பத்தெட்டும் முடிந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வந்தாள்.

"தூணு ஒண்ணாவது சாஞ்சுதா?"

"போய்ப் பாருங்க அக்கா."

அவள் நிஜமாகவே போனாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிசையின் வாயிலும் நின்று கோடிவரை பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் உள்ளேயும் போய்த் தூணைத் தட்டிப் பார்த்து, அரைமணி நேரம் கழித்துத் திரும்பினாள். செருப்பெல்லாம் புது மண். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய், இந்த நெலத்தப் பத்தி இனிமே எங்கிட்டப் பேசாத. நானே கேட்டாலும் குடுக்காத."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் வரப்பேறிப் போய்விட்டாள். மாஸ்டர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பனியன் முழுக்க கிரீஸ். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையில் அடக்கி வைத்ததும் இப்போது வந்ததும் சேர்ந்து கொட்டியது. அதை அவள் துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

வண்டியை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க மெக்கானிக் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அணைத்த எஞ்சினை மறுபடி கிளப்பி, முதல் வரிசைக்கு வண்டியைத் திருப்பினாள். அங்கே ஓட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சும்மாதான் ஓட்டினாள்.